வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா

லண்டனுக்கு நான் வேலைக்குப் போகவில்லை, படிக்கவும் போகவில்லை. கதவு தட்டப் போனேன். ஊரார் மோர்மன் என்று அழைக்கும் சபையைச் சேர்ந்தவன் நான். எங்களில் பையன்கள் பதினெட்டு வயது முடிந்ததும் இரண்டு வருடம் வீட்டை விட்டு, சொல்லப்படும் ஊருக்குப் போய் ஊழியம் செய்வது வழக்கம். எந்த ஊர் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கோயம்புத்தூரில் என்னோடு படித்தவர்கள் கல்லூரி, கிரிக்கெட், காதல் என்று சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இங்கிலாந்து என்று வந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துதான் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு போட்டார்.

முதலில் என்னைப் போட்ட இடம் கென்ட்டில் ஒரு கடலோர ஊர். அங்கே நான் செய்த ஊழியம் என்றால் நின்றதுதான். என்னோடு இருந்த வெள்ளைக்காரப் பையன் பேசுவான். நான் பக்கத்தில் பிரசுரங்களைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்பேன். நான் வாயைத் திறந்தால் வீட்டுக்காரர்கள் நெற்றியைச் சுருக்கி இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள். இன்னொரு தடவை சொன்னால் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்ப்பார்கள். ஊரில் என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அது அந்த ஊரில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

எங்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றல் வரும். இரண்டாவது மாற்றலில் என்னைத் தெற்கு லண்டனில் மிட்சம் என்ற பகுதிக்கு அனுப்பினார்கள். எங்கள் பொறுப்பாளர் போனில் பேசி, அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, உன் மொழி அவர்களுக்கு ஒரு வரமாக இருக்கும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டே தமிழில் பேசிப் பழகினேன். கோவைப் பேச்சில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று நானே முடிவு செய்து, மேடைப் பேச்சாளர் மாதிரி முழு முழு வாக்கியங்களாக அடுக்கி வைத்துக்கொண்டேன். அந்த வாக்கியங்களை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

புது இடத்தில் என் துணை ஓர் அமெரிக்கப் பையன். உருளைக்கிழங்கு விளைகிற ஊரிலிருந்து வந்தவன். என்னைவிட ஒரு வயது சின்னவன், ஒன்றரை அடி பெரியவன் மாதிரி இருப்பான். எங்கள் விதிப்படி நாங்கள் இருவரும் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையக் கூடாது. கடைக்கும் சேர்ந்து, சலவைக்கும் சேர்ந்து. குளியலறை ஒன்றுதான் தனி. அவனுக்கு என்மேல் பொறாமை துளியும் கிடையாது. 'இங்கே நீதான் பேசப்போகிறாய், நான் நிற்கிறேன்' என்று முதல் நாளே சந்தோஷமாகச் சொல்லிவிட்டான்.

நான் அவனுக்கு வித்தை காட்டத் தொடங்கினேன். ஒரு தெருவில் நடந்தால் எது தமிழ் வீடு என்று வெளியிலிருந்தே சொல்லிவிடுவேன். வாசல் நிலையில் பிளாஸ்டிக் மாவிலை, கதவுக்கு மேலே சின்னதாக ஒரு பிள்ளையார், முன்கூடத்துக் கண்ணாடிக்குள் வரிசையாகச் செருப்பு, ஜன்னலோரம் தொட்டியில் கறிவேப்பிலை. 'இது தமிழ். அது குஜராத்தி. அதோ அது தமிழ்' என்று நான் சொல்லச் சொல்ல அவன் போனில் வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்வான். இரண்டு பேர் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேட்ஜுமாகத் தெருவில் நின்று தமிழ் வீடுகளைக் கை காட்டிக் குறித்துக்கொண்டிருப்பது பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அந்தத் தெருவில் நாங்கள் தட்டிய முதல் தமிழ்க் கதவு ஒரு முனை வீட்டினுடையது. மத்தியானம் முடிந்து பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம். சங்கிலி போட்டபடி கதவு ஒரு சாண் திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கையில் கரண்டியோடு. முதலில் என் துணையைப் பார்த்தார். பிறகு அவன் கையிலிருந்த போனை, என் நெஞ்சிலிருந்த பேட்ஜை.

"வணக்கம் அம்மா" என்றேன். "உங்கள் குடும்பத்தினர் அனைவரையும் சந்திக்க விரும்புகிறோம். இந்த வீட்டில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

குடும்பம் என்பது எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலே. அதனால் பேச்சைக் குடும்பத்திலிருந்து தொடங்கு என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. அதை நான் இப்படித் தமிழாக்கியிருந்தேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"மூண்டு பேர். நானும் அவரும் மகளும். வேற ஒருத்தரும் இல்லை" என்றார். "கொஞ்சம் நில்லுங்கோ, அடுப்பில கறி. நிப்பாட்டிப்போட்டு வாறன்."

கதவு மூடியது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் திடீரென்று வீடே அதிர உயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வீட்டின் பின்பக்கம் ஏதோ சடசடவென்று முறிகிற சத்தம், பிறகு அடுத்த வீட்டு நாயின் குரைப்பு. என் துணை எட்டிப் பார்த்துவிட்டு, நரியாக இருக்கும் என்றான். லண்டனில் நரி சாதாரணம். நானும் ஆமாம் நரிதான் என்றேன்.

அவர் திரும்பி வந்தபோது சங்கிலியை எடுத்துவிட்டுக் கதவை விரியத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கோ, வந்து இருங்கோ. தேத்தண்ணி போடுறன்" என்று வழியை விட்டு நின்றார். நெற்றியில் வேர்த்திருந்தது. அடுப்படி வேர்வை என்று நினைத்தேன். நான் வந்த நாளிலிருந்து ஒரு வீட்டில் எங்களை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்காத குறை.

ஆனால் எங்களுக்கு இன்னொரு விதி உண்டு. பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் நாங்கள் போகக் கூடாது. வீட்டில் வேறு ஆண் ஒருவர் இருக்க வேண்டும். அது அவர்கள் பாதுகாப்புக்காகவும் எங்கள் பாதுகாப்புக்காகவும். அதை அவருக்கு மரியாதையாகச் சொல்ல வேண்டுமே என்று நான் யோசித்து, தயார் செய்து, முழு வாக்கியமாகக் கேட்டேன்.

"வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை. அவர் வேலைக்குப் போயிட்டார்."

"வேறு ஆண்கள் யாரும் இல்லையா?"

"இல்லை எண்டு சொன்னனே."

"அப்படியானால் நாங்கள் இப்போது உள்ளே வர இயலாது. உங்கள் கணவர் எப்போது இருப்பார்? அந்த நேரத்துக்கு மறுபடியும் வருகிறோம்."

நாளைக்குப் பின்னேரம் இருப்பார் என்றார். என் துணை அதையும் போனில் குறித்துக்கொண்டான். போகும்போது நான் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் பதிலுக்குக் கூப்பவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நான் பேசிக்கொண்டே வந்தேன். தமிழர்கள் என்றால் இப்படித்தான், வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வராது, இனிமேல் பார், உனக்கு விருந்துதான் என்று அவனிடம் பீற்றிக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் உருளைக்கிழங்குக் கறி கிடைக்குமா என்றான்.

மறுநாள் போனோம். கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர். சமையலறை மரவேலை செய்பவர் என்று பிறகு தெரிந்தது. பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கதவுக்கு அந்தப் பக்கமே காத்திருந்தவர் மாதிரி தட்டிய உடனே திறந்தார். நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கப் போனேன். முன்கூடத்தில் எல்லாருடைய செருப்பும் வரிசையாக இருந்தது.

"கழட்ட வேண்டாம் சேர், சப்பாத்தோட வாங்கோ" என்றார்.

என்னை வாழ்க்கையில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதுவும் என் அப்பா வயதில் இருப்பவர். நான் அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டு ஷூவோடு கம்பளத்தில் நடந்தேன். உள்ளே அந்த அம்மா மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் மூன்று கடவுச்சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரி ரசீது எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"இது என்ர. இது மனுசியின்ர. இது மகளின்ர. மகள் இஞ்சதான் பிறந்தவ. வேற ஒருத்தரும் இந்த வீட்டில இல்லை சேர். மேல ஏறிப் பாக்க வேணுமெண்டால் பாருங்கோ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் துணையோ, வீட்டுக்காரர் குடும்பப் புகைப்படம் காட்டுகிறார் என்று நினைத்து ஒரு கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்து, 'அழகான படம்' என்று பாராட்டினான். நான் அவசரமாக, நாங்கள் சபையிலிருந்து வருகிறோம், இயேசு கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல வந்தோம் என்றேன். சொல்லிவிட்டுப் பிரசுரத்தை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. "அப்ப நீங்கள் ஹோம் ஆபிஸ் இல்லையோ?" என்றார். விசா இல்லாதவர்களைப் பிடித்து நாட்டை விட்டு அனுப்பும் அரசு இலாகா அது.

மாடியிலிருந்து மகள் இறங்கி வந்தாள். பதினேழு பதினெட்டு இருக்கும். எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, தே ஆர் ஜஸ்ட் மோர்மன்ஸ்" என்றாள். "ஸ்கூல் வாசலில்கூட நிப்பினம். ஓ மை காட், அம்மா." அவள் சிரிக்கத் தொடங்கி, அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த அம்மா படியில் இருந்தபடியே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையினூடே அவர் சொன்னதும், வீட்டுக்காரர் எனக்குப் பொறுமையாகச் சொன்னதும் சேர்ந்துதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த அம்மாவின் தம்பி அந்த வீட்டில் மாடியில் சின்ன அறையில் இருந்தார். ஊரிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டு, நிராகரிக்கப்பட்டு, புதிய வக்கீல் மூலம் மறுபடி போட்டிருந்தார்கள். பதில் வரவில்லை. பதில் வரும்வரை குறிப்பிட்ட செவ்வாய்க்கிழமைகளில் ஹோம் ஆபிஸ் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ஆள் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள், விண்ணப்பத்துக்கு அதோடு ஆபத்து. ஒழுங்காகக் கையெழுத்து வைத்தாலும், என்றைக்காவது வீட்டுக்கே வந்து பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் இருந்தது. முந்தின நாள் கதவில் நான் பேசியதும் அக்கா உள்ளே ஓடித் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவர் பின்கதவால் போய் வேலியைத் தாண்டிக் குதித்திருக்கிறார். நரி என்று நாங்கள் முடிவு கட்டிய சத்தம் அதுதான். போட்டிருந்த சட்டையோடு, வீட்டுச் செருப்போடு. போன் சார்ஜில் கிடந்தது. எங்கே போனார் என்று தெரியாது. அடுத்த செவ்வாய்க்கு நான்கைந்து நாள்தான் இருந்தது.

"வெள்ளையன் மட்டும் வந்திருந்தால் பேசாமல் கதவைச் சாத்தியிருப்பன்" என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து. "நீர் தமிழ் கதைச்சீர். ஹோம் ஆபிஸ் ஆக்கள் வரேக்க கூட ஒரு இந்தியத் தமிழ் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் வருவினம், கேக்கிறதைத் தமிழில சொல்ல. எத்தினை பேர் இருக்கிறீங்கள், ஆம்பிளையள் ஆர் இருக்கினம் எண்டு இதே மாதிரித்தான் கேப்பினம். நான் வேற என்னெண்டு நினைக்கிறது?"

எனக்குத் தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்டேன் என்று ஞாபகமில்லை. கண்ணாடி முன்னால் பழகிய எதுவும் அதற்கு உதவவில்லை. 'மன்னிச்சிருங்கக்கா, தெரியாமப் பண்ணிட்டோங்க' என்று என் வீட்டுப் பேச்சு முதன்முதலாக வாயில் வந்தது. என் துணைக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். அவன் காது மடல் வரைக்கும் சிவந்தான். கையிலிருந்த கடவுச்சீட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, அந்த அம்மாவின் முன்னால் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஸாரி என்றான். அவ்வளவு பெரிய ஆள் அப்படி உட்கார்ந்ததும் அவர் பயந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

நாங்களும் சேர்ந்து தேடுகிறோம் என்றேன்.

"நீங்கள் தேடினால் அவன் இன்னும் தூரத்துக்கு ஓடுவான் தம்பி" என்றார் வீட்டுக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அன்று எங்கள் அறையில் நாங்கள் வழக்கம்போல் முட்டி போட்டு ஜெபம் செய்தோம். முறைப்படி அன்று நான் சொல்ல வேண்டும். கடவுளிடம் என்ன கேட்பது? நான் அனுப்பிய ஆளை நீ திருப்பி அனுப்பு என்றா? அவனையே சொல்லச் சொன்னேன். அம்மா அந்த வாரம் வீடியோவில் கூப்பிட்டபோது, தமிழ் வீடுகளுக்குப் போனாயா, உன்னைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று ஆசையாகக் கேட்டார். நல்லாப் பேசினாங்கம்மா என்றேன்.

என் துணைதான் வேலியைப் பற்றிப் பேசினான். ஆளைத் தேட முடியாது, முறிந்த வேலியையாவது சரிசெய்யலாமே, எனக்கு அது தெரியும் என்றான். பண்ணை வீட்டுப் பிள்ளை. நாங்கள் உதவி வேலைக்குப் போகும்போது டையும் பேட்ஜும் இல்லாமல் சாதாரண உடையில் போக அனுமதி உண்டு. சனிக்கிழமை காலை டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனோம். வீட்டுக்காரர் மரவேலைக்காரர், அவருக்கு இது அரை மணி நேர வேலை. ஆனாலும் அவர் ஒன்றும் சொல்லாமல் சுத்தியலைக் கொடுத்தார். நாங்கள் எதையாவது செய்தாக வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அதுவும் வெட்கமாக இருந்தது.

இரண்டு பலகை முழுதாக முறிந்திருந்தன. ஒன்றின் நுனியில் சட்டைத் துணி ஒரு துண்டு கிழிந்து மாட்டியிருந்தது. அந்தப் பக்கத் தோட்டத்தில் ரோஜாச் செடியின் அடியில் ஒரு நீல ரப்பர்ச் செருப்பு. நான் குனிந்து கையை விட்டு அதை எடுத்து, துடைத்து, முன்கூடத்து வரிசையில் கொண்டுபோய் வைத்தேன். ஒற்றைச் செருப்பாக அது அங்கே இருந்ததைப் பார்த்த அந்த அம்மா, எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

நாங்கள் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே தகவல் வந்தது. தம்பி வேலி தாண்டிய அன்று பக்கத்துப் பகுதியான கோலியர்ஸ் வுட் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறார். அங்கே ஒரு கடையில் வேலை செய்யும் நண்பர் அவரைத் தன் காரில் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஹரோவுக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் வைத்திருக்கிறார். வீட்டுக்குப் போன் செய்யத் தம்பி விடவேயில்லையாம், போனை ஒட்டுக் கேட்பார்கள் என்று. அந்த நண்பர்தான் பொறுக்க மாட்டாமல் அவருக்குத் தெரியாமல் போன் செய்தார்.

அக்கா பின்கதவுப் படியில் நின்றுகொண்டு தம்பியோடு பேசினார். ஸ்பீக்கரில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அது சேர்ச்சுப் பெடியளடா. ஒண்டுமில்லை, நீ வா."

தம்பி மிகவும் தணிந்த குரலில், "அக்கா, பக்கத்தில அவையள் நிக்கினமோ? அவையள் சொல்லச் சொல்லித்தான் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுபடி போன் செய்தார்கள். எடுக்கவில்லை. நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நான் வேணும்னா அவர்கிட்டப் பேசிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

"ஐயோ தம்பி, நீர் வாயைத் திறவாதையும்" என்றார். "உம்மட தமிழாலதான் இவ்வளவும்."

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். எங்கள் இருவரையும் வேலிப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். என் துணை தலையில் மரத்தூளோடு, நான் சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. 'ஸ்மைல் பண்ணாதீங்கோ அண்ணா, நோர்மலா நில்லுங்கோ' என்றாள். அதை அந்த நண்பரின் போனுக்கு அனுப்பி, மாமாவிடம் காட்டச் சொன்னாள். ஹோம் ஆபிஸ்காரர்கள் வேலி அடித்துக் கொடுக்க மாட்டார்கள் என்பது எந்தப் பயத்திலும் ஒருவருக்குப் புரியும் அல்லவா. திங்கட்கிழமை வீட்டுக்காரர் ஹரோவுக்குப் போய் அவரை அழைத்து வந்தார். செவ்வாய்க்கிழமை கூடவே போய் வாசலில் காத்திருந்து, கையெழுத்து வைத்ததும் கூட்டி வந்தார். மகள் எனக்கு 'சைன் பண்ணியாச்சு' என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதைப் படித்ததும் பேருந்து நிறுத்தத்தில் நானும் என் துணையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். பெரிய பாரம் இறங்கியது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர்கள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இனிப் பயமில்லை, அவனும் உங்களைப் பார்த்துக் கதைக்கட்டும், நல்லதுதான் என்றார் அந்த அம்மா. நாங்கள் வெள்ளைச் சட்டையை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பொறுப்பாளரிடம் கேட்டு, கலர்ச் சட்டையில் போனோம். பேட்ஜ் இல்லை. ஷூவைக் கழற்றி வரிசையில் வைத்தோம். தேத்தண்ணி எங்கள் சபையில் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் அந்த அம்மா நெல்லிக்காய் ஜூஸ் கரைத்து வைத்திருந்தார். புட்டு, கத்தரிக்காய்க் கறி, என் துணைக்கென்றே உருளைக்கிழங்குப் பிரட்டல்.

தம்பி மாடியிலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கலாம். மெலிந்த ஆள், முன்கையில் வேலி கீறிய காயம் ஆறிக்கொண்டிருந்தது. என் துணையைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். அவன் கையை நீட்ட, குலுக்கினார். நான் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். தற்செயல் என்று நினைத்தேன்.

நான் இந்தத் தடவை எச்சரிக்கையாக, எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். "அண்ணா, எப்படி இருக்கீங்க? உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றேன். யாரும் யாரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவர் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. முழுப்பெயரைச் சொன்னார். பிறந்த தேதி சொன்னார். கிராமம், மாவட்டம், அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர். ஊரைவிட்டுப் புறப்பட்ட மாதம். எந்த நாடு வழியாக, எதில் வந்தார் என்பது. ஒரே குரலில், இடையில் நிறுத்தாமல், என் முகத்தைப் பார்க்காமல் என் சட்டையில் பேட்ஜ் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்து, அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்.

அவருடைய அக்கா, "டேய், அது சும்மா கேட்டது. சாப்பிடு" என்றார். அவர் ஓம் என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார். என் துணைக்குத் தமிழ் புரியாது, இவர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்று என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். கையில் எடுத்த புட்டை நான் தட்டிலேயே வைத்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். நான் யார், எதற்கு வந்தேன், வேலியை யார் அடித்தது, எல்லாம். படத்தைப் பார்த்திருக்கிறார், அத்தான் சொல்லியிருக்கிறார். அறிவுக்குத் தெரிந்தது அவர் முதுகுக்குத் தெரியவில்லை. எந்த அறையிலோ ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவரிடம் இதையெல்லாம் கேட்ட குரல் என் குரல் மாதிரி இருந்திருக்கிறது. நான் செந்தமிழில் பேசினாலும் அதுதான், கோயம்புத்தூர்த் தமிழில் பேசினாலும் அதுதான்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கறி அவர் பக்கத்தில் இருந்தது, அதைக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்காரரும் என் துணையும் மரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா என் தட்டில் கேட்காமலே இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார், நான் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

தம்பி சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்தார். மாடிக்குப் போகப் படி வரைக்கும் போனவர், திரும்பி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"சேர்" என்றார். "நான் போகலாமோ?"

நான் உங்களைவிடச் சின்னவன், என்னிடம் எதற்கு அண்ணா கேட்கிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா தலையைத் தாழ்த்திக்கொண்டார். நான் சொல்லாவிட்டால் அவர் அங்கேயே நின்றிருப்பார்.

"போகலாம்" என்றேன்.